நான்கு மணிக்கு முடிந்த வெள்ளிக்கிழமை

அந்தப் பல்கலைக்கழகத்தின் தபால் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கும் அம்மாளை எல்லோரும் சீலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் மிச்சம் இருக்கிறது. துணைவேந்தருக்கு வரும் வாழ்த்து மடல் முதல், குழாய் ஒழுகுகிறது என்று விடுதி மாணவர்கள் எழுதும் மனு வரை, எந்தத் தாளானாலும் அவர் கையால் ஒரு தேதி சீல் வாங்காமல் அந்தக் கட்டடத்துக்குள் ஓர் அடி நகர முடியாது. ஆட்களை வேண்டுமானால் காவலாளி விட்டுவிடுவார். தாளை இவர் விடமாட்டார்.

சந்தேகம் அவருக்குக் கூடப் பிறந்தது. பால் பாக்கெட்டை மோந்து பார்க்காமல் அடுப்பில் வைக்கமாட்டார். யாராவது வலிய வந்து, "சாப்டீங்களா?" என்று கேட்டால், இவனுக்கு என்ன காரியம் ஆகவேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் அவர் கணவர், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார். "கல்யாணம் ஆன புதுசுலயே என் பிறப்புச் சான்றிதழ வாங்கி, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தவ இவ. நான் பொறந்தது நிஜமான்னு இன்னும் யோசிச்சுட்டுதான் இருக்கா."

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்தச் சந்தேகம்தான் ஒருமுறை, அச்சு அசலாக இருந்த ஒரு போலிச் சான்றிதழை மூன்றே நொடியில் பிடித்தது. சீலில் இருந்த எழுத்துகள் ரொம்பச் சுத்தமாக இருக்கின்றன, நம்ம ரப்பர் இவ்வளவு சுத்தமாக விழாது என்றார் சீலக்கா. விசாரித்தால் அப்படியே இருந்தது. அன்றிலிருந்து பதிவாளர் அலுவலகத்தில்கூட அவர் பார்வைக்கு ஒரு மரியாதை உண்டு. ஊரில் உள்ள எல்லாக் கையையும் சந்தேகப்பட்ட அந்த அம்மாள் ஒரே ஒரு கையை மட்டும் சந்தேகப்பட்டதில்லை. அது அவருடைய வலது கை.

தபால் பிரிவு என்பது ஓர் அறை, இரண்டு மேஜை, ஒரு இரும்பு அலமாரி, கம்பி வலை போட்ட ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கொடுக்கிறவர்கள், உள்ளே வாங்குகிற சீலக்கா. வாங்கிய தாளில் சீல், அதன்மேல் வரிசை எண், பிறகு தடித்த அட்டை போட்ட தபால் பதிவேட்டில் ஒரு வரி. கொடுத்தவர் நகல் வைத்திருந்தால் அதிலும் ஒரு சீல். 'இரகசியம்' என்று எழுதிய உறையாக இருந்தால் பிரிக்கக் கூடாது, உறையின் மேலேயே சீல் விழும். உள்ளே என்ன தேதி எழுதியிருக்கிறது என்பது யாருக்கும் பொருட்டில்லை. தேதியை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம், அலுவலகத்துக்குத் தெரிந்த தேதி சீலில் உள்ள தேதிதான்.

அந்த அறைக்கென்று ஒரு வழக்கமும் உண்டு. உலகத்தில் எல்லோருக்கும் நாள் நடு இரவில் மாறும். தபால் பிரிவில் சாயங்காலம் நான்கு மணிக்கு மாறும். நான்கு மணிக்கு பியூன் அண்ணன் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மற்றப் பிரிவுகளுக்குப் போவார். அவர் கிளம்பியதும் சீலக்கா சீலைத் திருப்பி, பல்சக்கரத்தை நகர்த்தி, அடுத்த வேலைநாளின் தேதியை வைத்துவிடுவார். அதற்குப் பிறகு வரும் தாளெல்லாம் மறுநாள் கணக்கு. இல்லாவிட்டால், "நேத்து சீல் அடிச்ச தபால் இன்னிக்கு ஏன் வருது?" என்று ஒவ்வொரு பிரிவும் சண்டைக்கு வரும். இவருக்கு முன்னால் இருந்தவர் தொடங்கி வைத்த பழக்கம். இவர் அதை இரும்பு மாதிரி ஆக்கினார். அலுவலகம் மூடுவது ஐந்தரைக்கு என்பதை அவர் கை மறந்தே போயிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை நான்கு இருபதுக்கு ஒரு பெண் ஜன்னலுக்கு வந்தாள். ஆராய்ச்சி மாணவி. கையில் ஒட்டிய உறை, அதன்மேல் 'இரகசியம்', 'பாலியல் புகார்க் குழுத் தலைவருக்கு' என்று எழுதியிருந்தது. உறையின் ஓரத்தில் பதிவாளரின் உதவியாளர் போட்ட ஒரு சுருக்கொப்பமும் இருந்தது. இன்னொரு கையில் முதல் பக்கத்தின் நகல். கம்பி வலைக்கு அடியில் உறையை நுழைக்கும்போது அவள் விரல் நடுங்கியதை சீலக்கா பார்த்தார்.

பார்த்துவிட்டு என்ன நினைத்தார் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நடிக்கிறாள் என்று நினைத்தார். நான்கு மணிக்கு மேல் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டு வருகிற மாணவர்களை அவர் ஆயிரம் பேர் பார்த்திருக்கிறார். தேர்வு விண்ணப்பத்தைக் கடைசி நாள் தாண்டிக் கொண்டுவந்து கண்ணைக் கசக்கும் கூட்டம் அது. இந்த உறை தேர்வு விண்ணப்பம் இல்லை என்பது தெரிந்தும், பழகிய நினைப்பு முந்திக்கொண்டது.

"அக்கா, இது இன்னிக்கே சேர்ந்துடும்ல?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"என் கைக்கு வந்தா சேர்ந்த மாதிரிதான். போம்மா."

உறையில் ஒரு சீல். நகலில் ஒரு சீல். பதிவேட்டில் புதுப் பக்கத்தின் முதல் வரி. அந்தப் பெண் நகலைப் பார்க்காமலே நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை, டீ குடிக்கும் நேரத்தில் பியூன் அண்ணன்தான் பேச்சை எடுத்தார். அவருக்குத் தெரியாத சங்கதி அந்த வளாகத்தில் கிடையாது.

"அந்தப் பொண்ணு புகார் குடுத்துச்சே, தள்ளுபடி ஆயிருச்சு தெரியுமா? போன மாசமே லெட்டர் போயிருச்சாம்."

"எந்தப் பொண்ணு?"

"அதான், அந்தத் துறைத்தலைவர் மேல. லேப்ல வச்சு..." அவர் வாக்கியத்தை முடிக்காமல் டீயை ஊதினார். "நடந்த நாள்லேருந்து மூணு மாசத்துக்குள்ள குடுக்கணுமாம். மூணு நாள் லேட்டாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள், திங்கக்கிழமை குடுத்திருக்கு. பெரிய கைக்கு அதிர்ஷ்டமும் பெரிசு."

சீலக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திங்கட்கிழமையா? அந்த நடுங்கிய விரல் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் கணவர் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வாசலில் வண்டியோடு காத்திருப்பார். அன்றைக்கும் அவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார், அந்தப் பெண் அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டுத் திரும்பினாள். இது எப்படித் திங்கட்கிழமை ஆகும்?

ஆக, யாரோ கை வைத்திருக்கிறார்கள். சீலக்காவின் மூளை கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தது. முதல் சந்தேகம் பிரிவின் மேலதிகாரியான சூப்பிரண்டெண்ட் மேல். அலமாரிச் சாவியின் இன்னொரு பிரதி அவரிடம் இருக்கிறது. துறைத்தலைவரைக் கண்டால் மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். இரண்டாவது சந்தேகம் பியூன் அண்ணன் மேல். இவ்வளவு விவரம் இவருக்கு எப்படித் தெரியும்? சொல்கிற சாக்கில் நம் வாயைப் பிடுங்குகிறாரோ? மூன்றாவது, குழுத் தலைவியான பேராசிரியை. உறை அவர் கைக்குப் போன பிறகு என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்?

"அண்ணே, அன்னிக்கு அந்தப் பொண்ணு எத்தன மணிக்குப் பதிவாளர் ஆபீசுக்கு வந்துச்சு?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

"ரெண்டரைக்கே வந்துருச்சு, பாவம். குழுத் தலைவி ரூம் பூட்டியிருந்துச்சு. பதிவாளரோட உதவியாளர், கவர் மேல இனிஷியல் போடணும்னு வெளியவே உக்கார வச்சிருந்தாரு. நாலு மணிக்கு நான் தட்டோட அந்தப் பக்கம் போறேன், அப்பவும் அங்கயேதான் உக்காந்திருந்துச்சு."

இரகசிய உறைக்கு எதற்கு இனிஷியல்? சீலக்கா பதிவேட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினார். ஐந்து வருடத்தில் பதினோரு இரகசிய உறைகள். ஒன்றின் எதிரிலும் 'சுருக்கொப்பத்துடன்' என்ற குறிப்பு இல்லை. இந்த ஓர் உறைக்கு மட்டும் இருந்தது.

பிறகு அந்தப் பக்கத்துக்கே வந்தார். திங்கட்கிழமைத் தேதி போட்ட பக்கம். முதல் வரியில் அந்தப் பெண்ணின் உறை. பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அழித்து எழுதிய அடையாளம் இல்லை. தையல் பிரிந்திருக்கிறதா என்று நகத்தால் நெருடினார். பிரியவில்லை. பக்க எண் முன்னும் பின்னும் சரியாக இருந்தது. எழுத்து அவருடைய எழுத்து, மை அவருடைய மை. என் எழுத்தை இவ்வளவு அச்சாக எழுத யார் பழகினார்கள் என்றுகூட ஒரு கணம் யோசித்தார் என்றால் பாருங்கள்.

அன்று முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. ஜன்னலில் யார் வந்தாலும் முறைத்தார். சூப்பிரண்டெண்ட் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார், எதற்கு எட்டிப் பார்க்கிறார் என்று அதையும் குறித்துக்கொண்டார். நான்கு மணி ஆனது. பியூன் அண்ணன் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். சீலக்காவின் மனம் எங்கோ இருந்தது. கை மட்டும் தன் பாட்டுக்கு சீலைத் திருப்பிப் போட்டு, கட்டைவிரலால் சக்கரத்தை ஒரு பல் நகர்த்தியது. வியாழன் போய் வெள்ளியின் தேதி வந்து நின்றது.

டக்கென்று அந்தச் சத்தம் காதில் விழுந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

யாரும் பக்கத்தை மாற்றவில்லை. யாரும் உறையைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு இதே கட்டைவிரல் சக்கரத்தை நகர்த்தித் திங்கட்கிழமையில் வைத்தது. நான்கு இருபதுக்கு வந்த அந்தப் பெண்ணின் உறையில் திங்கட்கிழமையை அடித்தது. நகலிலும் திங்கட்கிழமையை அடித்து அவள் கையிலேயே கொடுத்தது. "என் கைக்கு வந்தா சேர்ந்த மாதிரிதான்" என்று வாய் வேறு சொன்னது.

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக சீலக்காவுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. காலையிலிருந்து மூன்று பேரைத் திருடனாக்கிப் பார்த்த மனது, இப்போது ஒளிந்துகொள்ள இடம் தேடியது.

எழுந்து நேரே சூப்பிரண்டெண்டிடம் போனார். யோசிக்க ஆரம்பித்தால் போகமாட்டோம் என்பது அவருக்குத் தெரியும்.

"சார், அந்தப் பொண்ணு புகார வெள்ளிக்கிழமைதான் குடுத்துச்சு. நாலு மணிக்கு மேல வந்ததால நான் திங்கக்கிழமை சீல் அடிச்சுட்டேன்."

சூப்பிரண்டெண்ட் எழுந்து கதவைச் சாத்தினார். "இத வேற யார்கிட்ட சொன்ன?"

அப்படியா என்று அவர் கேட்கவில்லை. அடடா என்றும் சொல்லவில்லை. முதல் கேள்வியே இதுதான். சீலக்காவுக்குள் தூங்கப் போன சந்தேகம் மறுபடி கண் விழித்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"எனக்கு என்ன தெரியும்? நாலு மணிக்கு மேல வந்தா மறுநாள் கணக்கு. அது நம்ம பிரிவு வழக்கம். நீ ஒண்ணும் தப்பு பண்ணல."

"எந்த விதியில இருக்கு சார் அந்த வழக்கம்?"

"இத்தன வருஷம் கேக்காத கேள்விய இன்னிக்கு ஏன் கேக்குற?" அவர் குரலைத் தாழ்த்தினார். "நல்லா யோசிச்சுப் பாரு. மறுமதிப்பீட்டு மனு, வேலைக்கான விண்ணப்பம், விடுதி இடம்னு உன் சீலப் பாத்து, ஒரு நாள் லேட்டுன்னு எத்தன பேரத் திருப்பி அனுப்பியிருக்கோம்? நீ வாயத் திறந்தா அத்தன பேரும் வாசல்ல வந்து நிப்பான். நம்ம பிரிவு சந்தி சிரிச்சுப் போயிடும். யார் பேர்ல சிரிக்கும்? என் பேர்லயா?"

அது உண்மை. அத்தனை முகங்களும் ஒரு நொடி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றன. அவர்களில் எத்தனை பேர் நடித்தார்கள், எத்தனை பேர் நிஜமாகவே நேரத்துக்கு வந்தார்கள்? சீலக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் சூப்பிரண்டெண்ட் முன்னால் அழுவதில்லை என்று என்றைக்கோ முடிவு செய்திருந்ததால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்.

கால்மணி நேரம்கூட ஆகவில்லை, பதிவாளர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. சூப்பிரண்டெண்ட் தொலைபேசியை வைத்த சூடுகூட ஆறியிருக்காது.

"வாங்கம்மா, உட்காருங்க" என்றார் பதிவாளர்.

இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறையில் அவருக்கு யாரும் நாற்காலி காட்டியதில்லை. சீலக்கா நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் வந்தது. அதைத் தொடவில்லை.

"உங்களப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும். உங்க கைக்குத் தப்பு தெரியாது. அந்தப் பொண்ணு பாவம், சின்ன வயசு, ஏதோ குழப்பத்துல இருக்கு. குழு எல்லாத்தையும் தீர விசாரிச்சுதான் முடிவு பண்ணிச்சு."

"குழு விசாரிச்சது என் சீல மட்டும்தானே சார்? கவருக்குள்ள எழுதியிருந்தத விசாரிச்சாங்களா?"

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலம் கடந்து வந்தா உள்ள போகவேண்டிய அவசியமில்லம்மா. விதி அப்படி."

"காலம் கடக்கல சார். கடந்த மாதிரி நான் சீல் அடிச்சிருக்கேன். அன்னிக்கு ரெண்டரைக்கே வந்த பொண்ண நாலு மணி தாண்டுற வரைக்கும் உங்க ஆபீஸ்ல உக்கார வச்சிருந்தாங்க. இனிஷியல் போடணும்னு. பதினோரு கவர்ல ஒண்ணுக்கும் போடாத இனிஷியல்."

பதிவாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டபோது முகம் மாறியிருந்தது. கோபம் என்று சொல்ல முடியாது. கோபத்தைவிடக் கவனமான ஏதோ ஒன்று.

"அதெல்லாம் தற்செயல். நீங்க எழுத்துல எதாவது குடுத்தா, நான் உங்க மேல ஒழுங்கு நடவடிக்கை எடுத்துதான் ஆகணும். எனக்கு மனசில்ல. அவசரப்படாதீங்க. நிதானமா யோசிங்க. திங்கக்கிழமை வந்து சொல்லுங்க, போதும்."

திங்கட்கிழமை. அந்த வார்த்தை அவர் காதில் குத்தியது. ஏன் நாளை இல்லை? ஏன் திங்கட்கிழமை?

திரும்பி வந்ததும் சீலக்கா வெளியே போகும் கடிதங்களின் பதிவேட்டை எடுத்தார். குழுவிலிருந்து அந்தப் பெண்ணுக்குப் போன கடிதத்தின் தேதியைக் கண்டுபிடித்தார். தள்ளுபடி ஆனால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பது அந்த வகைக் கடிதம் எல்லாவற்றின் கடைசி வரியிலும் இருக்கும். விரல்விட்டு எண்ணினார். ஒருமுறை எண்ணியதை நம்பாமல் மறுமுறை எண்ணினார். முப்பதாவது நாள், நாளை. வெள்ளிக்கிழமை.

தற்செயலாம். நல்ல தற்செயல்.

பதிவாளருக்குத் தேதி தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? அந்த உதவியாளர் வேண்டுமென்றே உட்கார வைத்தாரா, வெறும் அதிகார மிதப்பில் உட்கார வைத்தாரா? இது எதையும் சீலக்காவால் கடைசிவரை நிரூபிக்க முடியவில்லை. அவருக்கு நிரூபிக்க முடிந்தது ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய சொந்தத் தப்பு.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். பதிவாளருக்கு என்று மேலே போட்டு, சுற்றி வளைக்காமல், பூசி மெழுகாமல் எழுதினார். இன்ன தேதி வெள்ளிக்கிழமை மாலை நான்கு இருபதுக்கு இந்த எண்ணுள்ள உறையை நான் நேரில் பெற்றேன், அலுவலக நேரத்துக்குள் வந்த உறைக்கு அடுத்த வேலைநாளின் தேதியை அடித்தது என் தவறு, மாணவியின் தாமதம் இல்லை. உறையின் மேல் சுருக்கொப்பம் இருந்ததையும், இதற்கு முன் எந்த உறைக்கும் அது கேட்கப்படவில்லை என்பதையும் கீழே சேர்த்தார். மணி ஐந்து ஐந்து. சீலில் நாளையத் தேதி நின்றுகொண்டிருந்தது. சக்கரத்தைப் பின்னுக்குத் திருப்ப முயன்றார். பின்னுக்குப் போய்ப் பழகாத சக்கரம் முரண்டு பிடித்தது. விரலெல்லாம் மையாக, வியாழனைக் கொண்டுவந்து நிறுத்தினார். தாளில் சீல், அதன்மேல் எண், பதிவேட்டில் ஒரு வரி. எண் விழுந்த தாளை இனிமேல் யாரும் வரவில்லை என்று சொல்ல முடியாது. அதற்கு ஒரு நகல் எடுத்து, அதிலும் சீல் அடித்துக்கொண்டார்.

அன்று வீட்டில், "மெமோ வரும்" என்று மட்டும் சொன்னார். முழுக் கதையையும் கேட்ட கணவர் வழக்கமான கிண்டலைச் செய்யவில்லை. "கடையில காயில் கட்ட ஒரு ஆள் வேணும்னு ரொம்ப நாளா தேடிட்டு இருக்கேன்" என்றார். சீலக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

மறுநாள் காலை ஒன்பதுக்கு, நூலகத்தின் பின்பக்கப் படிக்கட்டில் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள் என்று பியூன் அண்ணன் சொல்லியனுப்பிய இடத்துக்கே போனார். நேற்று அவரைத் திருடன் என்று நினைத்ததற்கு மனதுக்குள் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

பெண் இளைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய பை, ஊருக்குக் கிளம்புகிற பை. சீலக்காவை அடையாளம் தெரிந்ததும் எழுந்து இரண்டு படி மேலே போய் நின்றாள். கைபேசியை எடுத்து ஏதோ அழுத்தி, முன்னால் நீட்டிப் பிடித்தாள்.

"உங்கள யாரு அனுப்புனாங்க?"

சீலக்காவுக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது. நானாக இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்.

"யாரும் அனுப்பல. பதிவாகுதா? நல்லா பதிவு பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டு, சீல் அடித்த நகலை நீட்டினார்.

பெண் தாளை வாங்கவில்லை. "படிங்க" என்றாள். சீலக்கா படித்தார். பாதியில் வரி தவறியது, மறுபடி முதலிலிருந்து படித்தார். முடித்ததும் பெண் இறங்கி வந்து தாளைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். சீலைப் பார்த்தாள், எண்ணைப் பார்த்தாள், கையெழுத்தைப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். பிறகு படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னிக்குக் கடைசி நாள்மா. மேல்முறையீடு நாலு வரி எழுதினாப் போதும். இப்பவே எழுது, நான் நிக்கிறேன். ஒம்போதரைக்கு ஜன்னல் திறக்கும். என் சீல்லதான் விழணும். என்ன அந்த நாற்காலில வச்சிருக்கிற வரைக்கும் நான்தான் அடிப்பேன். உன்கிட்ட மன்னிப்புக் கேக்க எனக்கு வாய் வரல. ஆனா கேக்குறேன்."

அந்தப் பெண் மன்னிப்பைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. தாளில் ஒரே வரியை விரல் வைத்து மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வெள்ளிக்கிழமைன்னுதான் சொன்னேன்" என்றாள் மெதுவாக. "குழுவுல என் கையில இருந்த நகலயே வாங்கி எனக்குக் காட்டுனாங்க. பாரு, திங்கக்கிழமைன்னு இருக்கேன்னாங்க. குடுத்த நாளே சரியா ஞாபகமில்ல, மூணு மாசத்துக்கு முன்னாடி லேப்ல நடந்தது மட்டும் எப்படி ஞாபகம் இருக்குன்னு கேட்டாங்க. அம்மாகிட்ட சொன்னேன், அம்மாவும் சீலப் பாத்துட்டு, நீ குழம்பிட்டியோன்னாங்க. அப்புறம் எனக்கே..." அவள் நிறுத்தினாள். "எனக்கே சந்தேகம் வந்துருச்சுக்கா. நாளே தப்பா நெனச்சிருக்கேன்னா, மத்ததும் நானா நெனச்சுக்கிட்டதா இருக்குமோன்னு. ஒரு மாசத்துக்கு மேலா அதத்தான் யோசிச்சிட்டு இருக்கேன். அவரு நிஜமாவே எதுவும் பண்ணலியோன்னு."

ஒரு சீல் இவ்வளவு ஆழமாக இறங்கும் என்று சீலக்கா கனவிலும் நினைத்ததில்லை. படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன செய்வது என்று தெரியாமல், மைக் கறை போகாத கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கவருக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா நீ வந்தது வெள்ளிக்கிழமை. நாலு இருபது. வெளிய என் வீட்டுக்காரர் ரெண்டு தடவ ஹாரன் அடிச்சாரு, நீ திரும்பிப் பாத்த. உன் ஞாபகம் சரியாத்தான் இருக்கு."

பெண் கைபேசியைக் கீழே வைக்கவில்லை. அதைச் சீலக்காவின் வாய்க்கு இன்னும் கொஞ்சம் அருகில் கொண்டுவந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்கக்கா."

"வெள்ளிக்கிழமைம்மா" என்றார் சீலக்கா. "நீ வெள்ளிக்கிழமைதான் வந்த."